ஒரு பாட்டு, இரண்டு சாட்சியங்கள்

2016-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நவம்பர் வரை, மூன்றே மாதங்களில், ராக் இசை உலகின் பழைய சண்டைகள் ஐந்து புத்தகங்களாக அச்சேறின. முதலில் வந்தது பீச் பாய்ஸ் குழுவின் பாடகர் மைக் லவ் எழுதிய ‘குட் வைப்ரேஷன்ஸ்’. அடுத்த மாதமே அவருடைய மாமன் மகனும் அந்தக் குழுவின் இசையமைப்பாளருமான பிரையன் வில்சனின் ‘ஐ ஆம் பிரையன் வில்சன்’ கடைக்கு வந்துவிட்டது. அதே அக்டோபரில் நியூ ஆர்டர் குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் பீட்டர் ஹூக் ‘சப்ஸ்டன்ஸ்’ என்ற தடித்த நூலை வெளியிட்டார். அவரோடு பள்ளியில் படித்தவரும் பிற்பாடு எதிரியானவருமான பெர்னார்ட் சம்னரின் ‘சாப்டர் அண்ட் வெர்ஸ்’ வந்து அப்போது இரண்டு வருடமாகியிருந்தது. நவம்பரில் ஸ்மித்ஸ் குழுவின் ஜானி மார் எழுதிய ‘செட் தி பாய் ஃப்ரீ’ வந்தது. அவருடைய கூட்டாளி மாரிஸி 2013-லேயே தன் கதையை எழுதியிருந்தார். அதே நவம்பரில் ‘தி பேண்ட்’ குழுவின் ராபி ராபர்ட்சன் ‘டெஸ்டிமோனி’யை வெளியிட்டார். சாட்சியம் என்பது அந்தத் தலைப்பின் பொருள். அவர்மீது குற்றம்சாட்டி டிரம்ஸ் கலைஞர் லெவன் ஹெல்ம் எழுதிய நூல் வந்து அதற்குள் 23 ஆண்டுகள் ஓடியிருந்தன.

இந்த நூல்களில் குடி, போதை, ஊர் ஊராகச் சுற்றிய பயணங்கள் எல்லாம் உண்டு. விளம்பரங்கள் பிடித்துக்கொள்வதும் அவற்றைத்தான். ஆனால் பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டு போனால் சண்டை வேறோர் இடத்தில் நடப்பது தெரியும். இந்தப் பாட்டைச் செய்தது யார்? இசைத்தட்டின் மேல் யார் பெயர் அச்சானது, யார் பெயர் விட்டுப்போனது? இந்தக் குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம்? ராயல்டிக் கணக்கில் தங்களுக்குக் கிடைக்காத நியாயத்தை வாசகரிடம் கேட்டுப் பெறுவதற்கான மேல்முறையீடாகவே முன்னாள் தோழர்கள் இந்தப் புத்தகங்களை எழுதியிருக்கிறார்கள்.

அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பது தெரிந்தால்தான் கோபத்தின் அளவு புரியும். ஒரு பாட்டில் இரண்டு தனித்தனிச் சொத்துகள் இருக்கின்றன. மெட்டும் வரிகளும் சேர்ந்த ‘பாடல்’ ஒன்று. அதைப் பாடி வாசித்துப் பதிவு செய்த ‘ஒலிப்பதிவு’ மற்றொன்று. முதலாவது பாடலாசிரியருக்கும் அவருடைய பதிப்பு நிறுவனத்துக்கும் உரியது. இரண்டாவதிலிருந்து வரும் பங்கு, நிறுவனம் தன் செலவைக் கழித்துக்கொண்ட பிறகு குழுவினருக்குப் போகிறது. டிரம்ஸ் தாளம், பேஸ் கிட்டாரின் ஓட்டம், இடையில் வரும் ஒரு கிட்டார்த் துண்டு, குரலின் குழைவு ஆகியவை ‘ஏற்பாடு’ என்ற கணக்கில் சேர்ந்துவிடும். வழக்கத்தில் அவற்றுக்குப் பாடலாசிரியர் என்ற பெயர் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் சாதாரண வானொலி ஒரு பாட்டை ஒலிபரப்பினால் பாடலாசிரியருக்குக் காசு உண்டு, பாடியவருக்குக் கிடையாது. இன்னொருவர் அதே பாட்டைப் பாடி வெளியிட்டாலும் வருமானம் ஆசிரியருக்கே. எழுதிய பாட்டைத் தனியாகப் பாடகரிடம் கொடுத்த காலத்தில் இந்தப் பிரிவினை பொருந்தியது. ஐந்து பேர் ஒரே அறையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து, ஒருவர் தொடங்க இன்னொருவர் முடித்து வளர்த்தெடுக்கும் ராக் பாட்டுக்கு அது பொருந்தவே இல்லை.

தி பேண்ட் குழுவின் கதையில் இந்தப் பொருத்தமின்மை முழுதாகத் தெரிகிறது. லெவன் ஹெல்ம் 1940-இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பருத்தி விவசாயியின் மகனாகப் பிறந்தவர். ராக்கபில்லி பாடகர் ரானி ஹாக்கின்ஸுடன் டிரம்ஸ் வாசிக்கக் கனடாவுக்குப் போனார். அங்கே டொராண்டோவில் அவர்களுக்குக் கிடைத்த பையன் ராபர்ட்சன். தாய் சிக்ஸ் நேஷன்ஸ் பூர்வகுடிக் குடியிருப்பில் வளர்ந்தவர். பதினாறு வயதில் ராபர்ட்சன் தன் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரை விற்றுப் பயணச் செலவுக்குப் பணம் சேர்த்து, தன் காதில் விழுந்த இசையெல்லாம் பிறந்த தென் மாநிலத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த மண்ணை அவருக்குச் சுற்றிக் காட்டியவர் ஹெல்ம். மூன்று வயது மூத்த ஹெல்மை அண்ணன் ஸ்தானத்தில் வைத்தே ‘டெஸ்டிமோனி’ பேசுகிறது. ரிக் டாங்கோ, ரிச்சர்ட் மானுவல், கார்த் ஹட்சன் ஆகிய மூன்று கனடாக்காரர்களும் சேர்ந்தபின் ஐவரும் ஹாக்கின்ஸை விட்டு வெளியேறினார்கள். 1965-இல் பாப் டிலனுக்குப் பக்கவாத்தியக் குழுவானார்கள். டிலன் மின்சாரக் கிட்டாரைக் கையில் எடுத்ததற்காக ரசிகர்கள் ஊர் ஊராகக் கூச்சல் போட்டதைத் தாங்க முடியாமல் ஹெல்ம் பாதியில் விலகினார். மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய்த் தளங்களில் கொஞ்சகாலம் கூலி வேலை செய்துவிட்டு, 1967-இல்தான் திரும்பி வந்தார்.

அவர் திரும்பிய இடம் நியூயார்க் மாநிலத்தில் உட்ஸ்டாக் அருகே, இளஞ்சிவப்புச் சாயம் பூசிய ஒரு வீடு. அந்த வீட்டின் பெயரைத் தாங்கி 1968-இல் வந்த ‘மியூசிக் ஃப்ரம் பிக் பிங்க்’ ஆல்பத்தில் 11 பாட்டுகள். நான்கு ராபர்ட்சன் பெயரில், மூன்று மானுவல் பெயரில், வேறு இரண்டில் மானுவலும் டாங்கோவும் ஆளுக்கொன்றாக டிலனுடன் சேர்ந்து. அடுத்த ஆண்டு குழுவின் பெயரிலேயே வந்த இரண்டாம் ஆல்பத்தில் 12 பாட்டுகள். பன்னிரண்டிலும் ராபர்ட்சன் பெயர் இருக்கிறது. மூன்றில் மானுவல் துணை ஆசிரியர், ஒன்றே ஒன்றில் ஹெல்ம். டாங்கோவுக்கும் ஹட்சனுக்கும் ஒன்றுமில்லை. ஓர் ஆண்டுக்குள் கணக்கு இப்படிச் சாய்ந்ததுதான் பிற்காலச் சண்டை முழுவதற்கும் வித்து.

அந்த ஆல்பத்தில் உள்ள ‘தி நைட் தே ட்ரோவ் ஓல்ட் டிக்ஸி டவுன்’ அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்பகுதியின் ஓர் ஏழை விவசாயியின் குரலில் அமைந்தது. எழுதியவர் ராபர்ட்சன் என்று தட்டில் இருக்கிறது. பாடியவர் ஹெல்ம். போர்க்காலத்தின் வரலாற்றையும் நிலவியலையும் தெரிந்துகொள்வதற்காக ராபர்ட்சனைத் தானே நூலகத்துக்கு அழைத்துப்போனதாக ஹெல்ம் தன் நூலில் எழுதுகிறார். தெற்கைப் பற்றி டொராண்டோக்காரருக்குத் தெரிந்ததெல்லாம் தன்னிடமிருந்தும் தன் வீட்டாரிடமிருந்தும் வந்தது என்பது அவர் வாதம். தென் மாநிலங்களில் சுற்றியபோது காதில் விழுந்த பேச்சிலிருந்துதான் பாட்டு பிறந்தது என்பதை ராபர்ட்சனும் மறுக்கவில்லை. ஆனால் கேட்டதைப் பாட்டாக்கியது தான் என்பதே அவர் நிலை. நாள்தோறும் உட்கார்ந்து எழுதியது தான் மட்டுமே, மற்றவர்களை எழுதச் சொல்லித் தூண்டியும் பலனில்லை என்று அவர் பல ஆண்டுகள் சொல்லிவந்தார்.

இரண்டும் உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் இதில் மனத்தை உறுத்தும் விஷயம். ராபர்ட்சன் எழுதாமல் அந்தப் பாட்டு இல்லை. ஹெல்மின் ஆர்கன்சாக் குரல் இல்லாவிட்டால் அது வரலாற்றுப் பாடத்தில் ஒரு பத்தியாக நின்றிருக்கும். ஜோன் பேயஸ் 1971-இல் அதே பாட்டைப் பாட, அது அமெரிக்க விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போனது. அந்த வெற்றியிலிருந்து வந்த ஆசிரியர் பங்கு, தட்டில் பெயர் இருந்த ஒருவருக்கே உரியது. 1976-க்குப் பிறகு ஹெல்ம் அந்தப் பாட்டை மேடையில் பாடவே இல்லை. ஆசிரியர் உரிமைத் தகராறுதான் காரணம் என்று ரசிகர்கள் நெடுநாள் நம்பினார்கள். பேயஸ் பாடிய விதம் ஹெல்முக்குப் பிடிக்காமல் போனதே காரணம் என்றார் கார்த் ஹட்சன். ஒரே குழுவுக்குள் ஒரு மௌனத்துக்குக்கூட இரண்டு விளக்கங்கள் இருந்திருக்கின்றன.

1976 நவம்பர் 25 அன்று சான் பிரான்சிஸ்கோவின் வின்டர்லேண்ட் அரங்கில் நடந்த விடைபெறு கச்சேரி இரண்டாவது போர்க்களம். மார்ட்டின் ஸ்கோர்செஸி அதை ‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’ என்ற படமாக எடுத்து 1978-இல் வெளியிட்டார். இசைக்கச்சேரிப் படங்களில் அதற்கு நிகரானது குறைவு. ஹெல்முக்கோ அது ராபர்ட்சனைக் கதாநாயகனாக்க எடுத்த படம். குழு கலைவதையே அவர் விரும்பவில்லை. கேமரா மானுவலையும் ஹட்சனையும் ஏறக்குறைய மறந்துவிட்டது என்கிறார். ராபர்ட்சன் உருகி உருகிப் பின்பாட்டுப் பாடுவதுபோல் திரையில் தெரியும் காட்சிகள் பலவற்றில் அவருடைய மைக் அணைந்திருந்தது என்றும் எழுதுகிறார். படத்தைப் பார்த்தவர் யாரும் இந்தக் குற்றச்சாட்டைப் படித்த பிறகு அதைப் பழைய கண்ணோடு பார்க்க முடியாது.

மற்ற நால்வரும் ராபர்ட்சன் இல்லாமல் 1983-இல் மறுபடி மேடையேறினார்கள். 1986-இல் மானுவல் ஃபுளோரிடாவில் ஒரு விடுதி அறையில் தற்கொலை செய்துகொண்டார். ஹெல்மின் ‘திஸ் வீல்ஸ் ஆன் ஃபயர்’ 1993-இல் வந்தது. கூட எழுதியவர் ஸ்டீஃபன் டேவிஸ், லெட் செப்பலின் குழுவின் புகழ்பெற்ற வரலாற்றை எழுதியவர். அடுத்த ஆண்டு ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் குழுவைச் சேர்த்தபோது ஹெல்ம் விழாவுக்கே போகவில்லை. டாங்கோ 1999-இல் இறந்தார். உரிய பணம் கைக்கு வந்திருந்தால் அவர் உழைத்து உழைத்தே சாக நேர்ந்திருக்காது என்று 2000-இல் வந்த மறுபதிப்பின் பின்னுரையில் ஹெல்ம் எழுதியிருக்கிறார். ராக் தன்வரலாறுகளில் இவ்வளவு கடுமையான வாசகங்கள் அரிது. துக்கம் கணக்கு நோட்டோடு கலந்துவிட்ட இடம் அது.

ஹெல்ம் 2012 ஏப்ரலில் புற்றுநோயால் இறந்தார். கடைசி நாட்களில் ராபர்ட்சன் மருத்துவமனைக்குப் போய் அவர் அருகில் உட்கார்ந்திருந்தார். ‘டெஸ்டிமோனி’ அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து வந்தது. ஐந்நூறு பக்கம் ஓடும் அந்த நூல் 1976 கச்சேரியோடு நின்றுவிடுகிறது. வழக்காடும் தொனி அதில் இல்லை, ஹெல்மைப் பற்றி அன்பாகவே எழுதியிருக்கிறார். ஆனால் சண்டை முற்றிய வருடங்கள் முழுவதும் 1976-க்குப் பிற்பட்டவை. எதிர்த்தரப்பு வாய் திறக்க முடியாத காலத்தில் வெளிவந்து, குற்றச்சாட்டு எழுந்த காலத்துக்கு முன்பே முடிந்துவிடும் சாட்சியத்தை முழுச் சாட்சியம் என்று ஏற்பது கடினம். ராபர்ட்சன் 2023-இலும் ஹட்சன் 2025-இலும் மறைந்தார்கள். ஐவரில் யாரும் இன்று இல்லை.

பீச் பாய்ஸ் வழக்கில் நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கலிஃபோர்னியாவின் ஹாதார்ன் நகரில் வில்சன் சகோதரர்கள் மூவர், அத்தை மகன் மைக் லவ், நண்பர் அல் ஜார்டின் ஆகியோர் 1961-இல் தொடங்கிய குடும்பக் குழு அது. பாட்டுகளின் பதிப்புரிமையைப் பதிவு செய்தவர் வில்சன்களின் தந்தை மர்ரி. பல பாட்டுகளில் லவ் எழுதிய வரிகள் இருந்தும் அவர் பெயர் பதிவாகவில்லை. 1969-இல் மர்ரி அந்த உரிமைகள் முழுவதையும் 7 லட்சம் டாலருக்கு விற்றார். விற்பனை செல்லாது என்று வாதாடிய பிரையன் பிற்பாடு 1 கோடி டாலர் இழப்பீடு பெற்றபோது, தன் பங்கைக் கேட்டு லவ் வழக்குத் தொடுத்தார். 1994-இல் 35 பாட்டுகளில் அவர் துணை ஆசிரியர் என்று தீர்ப்பானது. ‘கலிஃபோர்னியா கேர்ள்ஸ்’, ‘ஐ கெட் அரவுண்ட்’ போன்றவை அந்தப் பட்டியலில் உண்டு. ‘வுடின்ட் இட் பி நைஸ்’ பாட்டும் உண்டு. அதன் வரிகளை எழுதிய டோனி ஆஷர், லவ்வின் பங்கு பாட்டு முடியும் இடத்தில் வரும் ஒரு சின்ன வாழ்த்தைத் தாண்டவில்லை என்று சொல்லிவந்தார். நாலைந்து சொல் சேர்த்தவரும் ஆசிரியர், ஒரு பாட்டின் முதுகெலும்பையே வாசித்தவர் ஆசிரியரல்ல என்ற நிலை சட்டத்தில் இருப்பதற்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு கிடைக்காது.

லவ்வின் நூல் இந்த வழக்கறிஞர் மனநிலையிலேயே எழுதப்பட்டது. ‘ஸ்மைல்’ ஆல்பம் 1967-இல் பாதியில் நின்றதற்குத் தானே காரணம் என்ற பழியை அவர் மறுக்கிறார். அந்த ஆல்பத்துக்கு வான் டைக் பார்க்ஸ் எழுதிய வரிகளுக்குப் பொருள் கேட்டது மட்டுமே தன் குற்றம் என்கிறார். 1968-இல் ரிஷிகேஷில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் பீட்டில்ஸ் குழுவினருடன் தங்கியிருந்ததைச் சொல்லும் பக்கங்களில்கூட, பால் மெக்கார்ட்னி அங்கே எழுதிய ‘பேக் இன் தி யூஎஸ்எஸ்ஆர்’ பாட்டில் ரஷ்யப் பெண்களைச் சேர்க்கச் சொன்னது தானே என்று பதிவு செய்துகொள்கிறார். இருந்தாலும் அவருக்கு நேர்ந்த அநியாயம் நிஜமானது. முப்பது ஆண்டுகள் தன் வரிகளை உலகம் பாடக் கேட்டுக்கொண்டு பெயரில்லாமல் இருந்தவர் அவர்.

பிரையனின் நூல் எதிர்த்திசையில் போகிறது. ஏற்கெனவே 1991-இல் அவர் பெயரில் ஒரு தன்வரலாறு வந்திருந்தது. அவர் வாழ்க்கை முழுவதையும் கைக்குள் வைத்திருந்த உளவியல் மருத்துவர் யூஜீன் லாண்டியின் பிடியில் இருந்தபோது உருவான அந்த நூலை எதிர்த்து மைக் லவ் அவதூறு வழக்குத் தொடர்ந்தார். பிரையனும் பிற்பாடு அதைக் கைவிட்டார். 2016 நூல் எழுத்தாளர் பென் கிரீன்மேனோடு பேசிப் பேசி எழுதியது. காலவரிசை கிடையாது. ‘ஸ்மைல்’ ஆல்பத்தை 37 ஆண்டுகள் கழித்து 2004-இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் வாசித்த நாளிலிருந்து தொடங்கி, தலைக்குள் கேட்கும் மிரட்டல் குரல்கள், தந்தையின் அடி, தம்பிகளின் சாவு என்று நினைவு போன வழியில் போகிறது. லவ்வைப் பற்றிய பேச்சில் பழிவாங்கும் வேகம் இல்லை. வாதமாகப் பார்த்தால் லவ்வின் நூலே வலுவானது. ஒரு பாட்டு ஒரு மனிதனுக்குள் எப்படி உருவாகிறது என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் பிரையனைத்தான் படிக்க வேண்டும்.

ஸ்மித்ஸ் குழுவின் தகராறு இன்னும் எளிய கேள்வி. 1982 முதல் 1987 வரை இயங்கிய அந்த மான்செஸ்டர் குழுவில் பாடல்கள் மாரிஸி, மார் இருவருடையவை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பதிவு, கச்சேரி வருமானத்தில் இருவரும் ஆளுக்கு 40 சதவீதம் எடுத்துக்கொண்டு, பேஸ் கிட்டார் ஆண்டி ரூர்க்குக்கும் டிரம்ஸ் மைக் ஜாய்ஸுக்கும் ஆளுக்கு 10 கொடுத்தார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. பணமுடை காரணமாக ரூர்க் சிறு தொகைக்குச் சமரசமானார். ஜாய்ஸ் வழக்குப் போட்டார். வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கூட்டாளிகளுக்குச் சம பங்கு என்ற பழைய பிரிட்டிஷ் கூட்டாண்மைச் சட்டத்தின் விதி அவருக்குக் கைகொடுத்தது. 1996 டிசம்பரில் 25 சதவீதம் அவருக்கு உண்டு என்று தீர்ப்பு வந்தது. மாரிஸியின் சாட்சியத்தை நம்ப முடியவில்லை என்று நீதிபதி கடுமையாகச் சொன்னார். அத்தியாயப் பிரிவே இல்லாத தன் நூலில் மாரிஸி அந்த வழக்குக்கு ஏறக்குறைய ஐம்பது பக்கம் ஒதுக்கியிருக்கிறார். வாசகர் களைத்துப்போகும் பகுதி அது. மார் அதே வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துபோய், தன் பக்கங்களைக் கிட்டாருக்குத் தருகிறார். ஸ்ட்ரெட்ஃபோர்டில் மாரிஸியின் வீட்டுக் கதவை மார் தட்டிய 1982-இன் அந்த நாளை மட்டும் இருவருமே வாஞ்சையோடு எழுதுகிறார்கள்.

கிஸ் குழுவில் ஆதி உறுப்பினர் நால்வருமே ஆளுக்கொரு புத்தகம் எழுதித் தீர்த்துக்கொண்டார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் எழுதிய ‘லைஃப்’ 2010-இல் பெரும் விற்பனை கண்டது. அதில் சீண்டப்பட்ட சக உறுப்பினர் மிக் ஜாகர் பதில் நூல் எழுதவே இல்லை. அதற்கு வெகு முன்பே, தன்வரலாறு எழுத வாங்கிய முன்பணத்தைப் பதிப்பாளருக்குத் திருப்பிக் கொடுத்தவர் அவர்.

எல்லாவற்றையும் சமமாகப் பிரித்துக்கொண்டால் சண்டை வராது என்று தோன்றலாம். ஜாய் டிவிஷன், நியூ ஆர்டர் குழுக்களின் கதை அந்த நம்பிக்கையைத் தகர்க்கிறது. ஹூக்கும் சம்னரும் 1956-இல் பிறந்தவர்கள், சால்ஃபோர்டில் ஒரே பள்ளி. 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் கச்சேரியைப் பார்த்துவிட்டு வந்த ஹூக், மறுநாளே அம்மாவிடம் கடன் வாங்கி ஒரு பேஸ் கிட்டார் வாங்கினார். இயன் கர்ட்டிஸ் பாடகராகவும் ஸ்டீஃபன் மாரிஸ் டிரம்ஸிலும் சேர்ந்து உருவான ஜாய் டிவிஷனில், வரிகள் கர்ட்டிஸுடையவை என்றாலும் பாட்டுகள் நால்வர் பெயரிலும் பதிவாயின. 1980 மே 18-இல், அமெரிக்கப் பயணத்துக்கு முந்தைய நாள், கர்ட்டிஸ் தூக்கிட்டு இறந்தார். மற்ற மூவரும் கில்லியன் கில்பர்ட்டைச் சேர்த்துக்கொண்டு நியூ ஆர்டராகத் தொடர்ந்தபோதும் சமப் பங்கு வழக்கமே நீடித்தது.

அங்கே தகராறு பெயரைப் பற்றி வந்தது. 2007-இல் குழு கலைந்துவிட்டது என்று வானொலிப் பேட்டியில் ஹூக் அறிவித்தார். கலையவில்லை, அவர்தான் விலகினார் என்றார்கள் மற்றவர்கள். 2011-இல் அவர் இல்லாமலே நியூ ஆர்டர் மேடையேறியது. பெயருக்கான உரிமையைப் புது நிறுவனத்துக்கு மாற்றித் தனக்கு 1.25 சதவீதம் மட்டுமே கிடைக்கச் செய்தார்கள், 12.5 சதவீதம் வந்திருக்க வேண்டும் என்று 2015-இல் ஹூக் நீதிமன்றம் போனார். 2017-இல் சமரசம் ஏற்பட்டது. ‘சப்ஸ்டன்ஸ்’ இந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே வந்த நூல். எந்தப் பாட்டில் எந்த சிந்தசைசர், எந்த டிரம் மெஷின் என்று தனிப்பெட்டிகளில் அடுக்கியிருக்கிறார். அந்தப் பெட்டிகளும் ஒருவகை ஆவணம்தான். நானும் அந்த அறையில் இருந்தேன் என்பதை அவை சொல்கின்றன. சம்னரின் நூல் நிதானமானது. சால்ஃபோர்டில் தாத்தா பாட்டியோடு கழிந்த பிள்ளைப்பருவம்தான் அதன் ஆகச் சிறந்த பகுதி. கர்ட்டிஸைத் தான் மனவசியம் செய்து பேசவைத்த ஒலிப்பதிவின் எழுத்து வடிவத்தையும் பின்னிணைப்பாகச் சேர்த்திருக்கிறார். மாரிஸ் 2019-இலும் 2020-இலும் இரண்டு நூல்கள் எழுதினார். கில்பர்ட் இதுவரை எழுதவில்லை.

இப்படி எதிரெதிராக நிற்கும் நூல்களைப் படிப்பதற்கு நம்பகமான ஒரு வழி, பகையாளிகள் ஒத்துப்போகும் இடங்களைத் தேடுவது. தனக்குச் சாதகமானதை ஒருவர் மட்டும் சொன்னால் அது உரிமை கோரல். விட்டுக்கொடுக்க விருப்பமில்லாத இருவரும் ஒரே விஷயத்தைச் சொன்னால் அதற்கு எடை கூடுகிறது. டொராண்டோ மதுக்கூடங்களில் ஹெல்மும் ராபர்ட்சனும் பிரிக்க முடியாத தோழர்களாக இருந்தார்கள் என்பதில் இரு நூல்களும் ஒன்று. ஹூக்கும் சம்னரும் வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள், கர்ட்டிஸ் விஷயத்தில் ஒரே தவற்றை ஒப்புக்கொள்கிறார்கள். வலிப்பு நோயும் மண வாழ்க்கைச் சிக்கலும் அவரை அரித்துக்கொண்டிருந்தபோது, 1980 மார்ச்சில் லண்டனில் ‘குளோசர்’ ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். அவர் பக்கத்தில் நின்று பாடியதை அவர்கள் தினமும் கேட்டார்கள். அந்த வரிகள் அவருடைய சொந்த நிலைமையைச் சொல்கின்றன என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய மனைவி டெபோரா கர்ட்டிஸ் 1995-இலேயே ‘டச்சிங் ஃப்ரம் எ டிஸ்டன்ஸ்’ நூலில் வீட்டுக்குள் நடந்ததை எழுதியிருந்தார். குழுவினரின் நூல்களை எடுப்பதற்கு முன் அதைப் படித்துவிடுவது நல்லது. ஹூக் அறைக்குள்ளிருந்து எழுதுகிறார், சம்னரும் அப்படியே. கர்ட்டிஸ் அந்த அறையை விட்டு வெளியேறிய பிறகு எப்படி இருந்தார் என்பது டெபோராவின் நூலில் மட்டுமே இருக்கிறது.